சின்னராசாவின் இருபத்து நாலு மணித்தியாலம்

சின்னராசாவிடம் உண்மை இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். இருக்கும். மூன்றாம் தரம் கேட்டால் எடுத்துத் தருவார். முதல் இரண்டு தரமும் வருவது சுத்தப் புளுகு. அந்தப் புளுகால் ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை என்றபடியால், புதுக்குடியிருப்புப் பக்கத்து வாய்க்கால் காணிக்காரர் எல்லாருக்கும் ஆளைப் பிடிக்கும். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணியை நம்பி வந்து காடு வெட்டிக் குடியேறின குடும்பம். வயது அறுபத்திரண்டு. மூன்று ஏக்கர் வயல், பத்மாசனி என்றொரு மனுசி, பத்து வருசமாய்ச் சீனி வருத்தம்.

"வாய் மட்டும் இல்லாட்டி உங்களை நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும்" என்பார் பத்மாசனி. சொல்லிக்கொண்டே சீனி வருத்தத்துக்கான குளிசையையும் தண்ணியையும் கையில் வைப்பார்.

போன வருசம் சீனி சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டது. கிளினிக்கில் சிறுநீரக டொக்டர் சுதாஜினி கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, உங்கட சலத்தோட, சிறுநீரோட, புரதம் போகுது. ஒரு நாளைக்கு மூண்டு தசம் ஒரு கிராம். போகவே கூடாத சாமான் அது" என்றார். பிறகு, புதிதாய் வந்த குளிசை ஒன்று இருக்கிறது, மூன்று மாதம் போடுங்கோ, உப்பைக் குறையுங்கோ, அதுக்குப் பிறகு ஒரு முழு நாள் போகிற சலம் அத்தனையையும் இந்தக் கானுக்குள் பிடித்துக்கொண்டு வாங்கோ என்று அஞ்சு லீற்றர் வெள்ளைக் கான் ஒன்றையும் கொடுத்தார். குறையாவிட்டால் வேறு மருந்து. அதுக்கும் குறையாவிட்டால் ஒரு காலத்தில் இரத்தம் கழுவுகிற மெசினில் ஏற வேண்டிவரும்.

மெசின் என்றதும் மனுசன் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். "கிழமையில மூண்டு நாள் மெசின். போய் வர மூண்டு நாள் பஸ். மிச்ச ஒரு நாளில நான் வயலைச் செய்யிறதோ, செத்துப் போறதோ?" என்று வழியெல்லாம் பத்மாசனியைக் கேட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பயத்திலேதான் மூன்று மாதமும் குளிசையை ஒழுங்காகப் போட்டார். உப்பைப் பற்றி என்னைக் கேளாதேங்கோ.

மூன்று மாதம் முடிந்தது. நாளை மறுநாள் கிளினிக். நாளைக்குச் சலம் பிடிக்கிற நாள். அண்டைக்குப் பின்னேரம் பார்த்து, நெல்லு வெட்டுகிற மெசின்காரன் வந்து வாசல் படலையில் நின்றான். "அண்ணை, நாளைக்கு விடிய உங்கட வயலுக்கை இறக்கிறன். விட்டியள் எண்டால் பத்து நாளைக்கு வரமாட்டன்." வானத்தில் மழை கட்டிக்கொண்டு நிற்கிறது. வன்னியில் நெல்லு விளைந்து நிற்கும்போது மெசின்காரன்தான் கடவுள். கடவுளிடம் போய், "தம்பி, நான் நாளைக்கு வீட்டில் இருந்து சலம் பிடிக்க வேணும்" என்று ஆராவது சொல்லுவினமோ?

கானை வயலுக்குக் கொண்டு போகலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். பத்மாசனியும் அதைத்தான் கேட்டார்.

"உனக்கு விசரோ? வெள்ளைக் கானை வரம்பில வைச்சால் ஒருத்தனும் என்னெண்டு கேக்கமாட்டான். கள்ளெண்டு நினைச்சுக் கவிட்டுப்போட்டுத்தான் கேப்பான்."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. சின்னராசா தலையைச் சொறிந்தார். "இஞ்சரப்பா, ஒரு உதவி செய்வியோ?"

என்ன உதவியென்று விளங்கினதும் பத்மாசனிக்கு முகம் சிவந்துவிட்டது. "சீ! வெக்கம் கெட்ட கதை! டொக்டர் அறிஞ்சால் என்ன நினைப்பா?"

"எப்பிடி அறியிறது? அதில என்ன பேரோ எழுதியிருக்கு? ஒரு கிணத்துத் தண்ணி, ஒரு பானைச் சோறு. தாலி கட்டின நாளிலயிருந்து உன்ரை வேற என்ரை வேறயோ?"

"ஏலாது எண்டால் ஏலாது" என்று பத்மாசனி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சின்னராசா விடியச் சாமத்தோடு வயலுக்குப் போய், மெசினுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடி, வரம்பு வரம்பாய் நின்று தன் அலுவலையும் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் காலமை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றபோது, கான் மூடி இறுக்கி, வெளிப்பக்கம் துடைத்து, உரப்பைக்குள் இருந்தது. "எனக்கொண்டும் தெரியாது. கொண்டு போங்கோ" என்றார் பத்மாசனி, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு.

சலச் சோதனையின் மறுமொழி வந்தது. பூச்சியம் தசம் ஒன்பது.

டொக்டர் சுதாஜினி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். மூன்று தசம் ஒன்றிலிருந்து பூச்சியம் தசம் ஒன்பதுக்கு! இரத்தச் சோதனை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது, அது பிந்தித்தான் சரிவரும் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஐயா, வாற சனிக்கிழமை எங்கட டொக்டர்மாருக்குச் சிறுநீரக வருத்தத்தில வந்திருக்கிற புது மருந்துகளைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறன். நீங்கள் வந்து முன்னுக்கு இருப்பியளோ?"

வேறு ஆளென்றால் அந்த இடத்திலேயே உண்மையைக் கக்கியிருப்பான். சின்னராசாவோ, "அதுக்கென்ன டொக்டர்" என்றார். வீட்டுக்கு வந்ததும் வாய்க்கால் நீளத்துக்கும் கதை பரவிவிட்டது. "டொக்டர்மாருக்கும் ரியூசன் இருக்குதாம் கண்டியளோ! அவையளுக்குப் படிப்பிக்கிறது என்ர கிட்னியைத்தானாம்!" பத்மாசனிக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று மூன்று மாவட்டத்திலிருந்தும் நாற்பது டொக்டர்மார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வாசலில் கையெழுத்து வைத்துவிட்டு, பின் வாங்கில் இருக்க இடம் பிடிக்கத்தான் அடிபட்டார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லித் திரையில் படம் ஓடிக்கொண்டிருக்க, ஆளுக்கு இரண்டு மீன் றோல்ஸ் உள்ளே போனது. சின்னராசா எல்லாவற்றையும் பார்த்து மனதுக்குள் குறித்துக்கொண்டார். ஊருக்குப் போய்ச் சொல்ல நல்ல சாமான்.

பாடம் இங்கிலீசில் நடந்தது. அவருக்கு விளங்கினது இரண்டு சொல்லுத்தான்: ஒன்று "புரோட்டீன்", மற்றது "சின்னராசா". பிறகு திரையில் இரண்டு தூண் வந்தது. மருந்துக்கு முந்தினது நெடுவல், பிந்தினது கட்டை. நாற்பது பேரும் கட்டைத் தூணைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சின்னராசா மெல்லத் திரும்பிப் பார்த்தார். கதவடியில் கதிரை நுனியில் இருந்த பத்மாசனி தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நிருஷன் என்ற இளம் டொக்டர் எழும்பினார். சின்னராசாவுக்கும் விளங்கட்டுமென்று மரியாதையாகத் தமிழில் கதைத்தார். "ஆஸ்பத்திரியில என்ர வாட்டில அன்னபாக்கியம் எண்டு ஒரு அம்மா இருக்கிறா. ஐயாவைப் போலத்தான், மூண்டு கிராமுக்கு மேல. சிறுநீரகத்தில ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கத் திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்தனான். இப்ப இதைப் பாத்தாப் பிறகு, அவாவை மறிச்சுப்போட்டு மூண்டு மாதம் இந்தக் குளிசையைக் குடுத்துப் பாப்பமோ எண்டு யோசிக்கிறன். ஐயா, உங்களுக்கு உண்மையா நல்ல சுகமோ?"

"ஓம், நல்ல சுகம்" என்றது வாய். மனம் துடித்தது. ஆர் அந்த அன்னபாக்கியம், முகம் தெரியாது. எங்கேயோ கட்டிலில் கிடக்கிறாள். மூன்று மாதம் அவளைச் சும்மா கிடத்தி வைக்கப் போகிறார்கள். அதுக்குள் அவளுக்கு ஒன்று நடந்தால் அந்தப் பழி ஆருக்கு?

"டொக்டர், மறிக்காதேங்கோ!" சின்னராசா எழும்பிவிட்டார். "அந்த அம்மாவைத் திங்கட்கிழமையே அனுப்புங்கோ. அந்தக் கட்டைத் தூண் என்ரை இல்லை."

"பின்ன ஆற்றை?" என்றார் டொக்டர் சுதாஜினி.

"மனுசியின்ரை."

வெட்டு மெசின், வரம்பு, கள்ளுக் கான் எல்லாம் வரிசையாய் வெளியே வந்தது. மண்டபம் சிரித்த சிரிப்பில் ஒரு டொக்டருக்கு றோல்ஸ் புரைக்கேறி, பக்கத்து டொக்டர் முதுகில் தட்ட வேண்டிவந்தது. பத்மாசனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

டொக்டர் சுதாஜினி சிரிக்கவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தார். நிருஷனும் பார்த்தார். சிரிப்பு முன் வாங்கில் நின்று, நடு வாங்கில் நின்று, கடைசியில் பின் வாங்கிலும் நின்றுவிட்டது.

சின்னராசா பதறிப்போனார். "டொக்டர், ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. அவ ஏலாது எண்டுதான் சொன்னவ. நான்தான் கரைச்சல் குடுத்தனான்."

"உங்களை ஏசப் பிறகு நேரம் இருக்கு ஐயா. சுகமான ஆளுக்கு இது பூச்சியம் தசம் ஒண்டு அஞ்சையும் தாண்டக் கூடாது. அம்மாவுக்கு அதைப்போல ஆறு மடங்கு போகுது." டொக்டர் கதவடிக்கு நடந்து போய், பத்மாசனிக்கு முன்னால் குந்தியிருந்து, கணுக்காலில் விரலால் அமத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "அம்மா, இந்த வீக்கம் எவ்வளவு காலம்?"

"அது வயலுக்கை நிண்ட வீக்கம் டொக்டர். எனக்கொரு வருத்தமும் இல்லை. நான் இவரைக் கூட்டிக்கொண்டு வாறனான் மட்டும்."

"ஒரு நாளாவது சோதிச்சனீங்களோ?"

பத்மாசனி இல்லையென்று தலையாட்டினார். பத்து வருசம் மாதாமாதம் அதே கிளினிக் வாசலில் குந்தியிருந்த மனுசி. டொக்டர் எழும்பி மற்ற டொக்டர்மாரைப் பார்த்து, "நோயாளியோட கூட வாற ஆளை எங்களில ஆர் சோதிக்கிறனாங்கள்? நானும் சோதிக்கேல்லை" என்றார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, இது தொடக்கம்தான். இப்பவே மருந்து துவங்கினால் மறிக்கலாம்" என்று டொக்டர் சொல்லச் சொல்ல, பத்மாசனி எல்லாத்துக்கும் ஓம், ஓம் என்றார். கடைசியில் மெல்லக் கேட்டார். "அப்ப டொக்டர், இவருக்கு இனி என்ன செய்யிறது? மெசினில ஏத்த வேண்டி வருமோ?"

சின்னராசாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எடி விசரி, உன்ரையைக் கேளடி!" என்று நாற்பது டொக்டர்மாருக்கும் கேட்கக் கத்தினார். "ஒருக்கா எண்டாலும் உன்ரையைக் கேளன்!"

டொக்டர் புதுக் கிளினிக் கொப்பி ஒன்றை எடுத்து விரித்து, பேனையைத் திறந்து, பத்மாசனியைப் பார்த்துப் பெயரென்ன என்று கேட்டார்.

"சின்னராசா" என்றார் பத்மாசனி.