படத்தில் தாழ்ந்த தெரு

நித்யா, கதிர்... மாங்காட்டில் ஒரு குடும்பத்தின் புது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததற்கு உங்கள் அப்பாதான் காரணம். மழை அல்ல. நான்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகும் சுமதியின் வீடு அது. பிளான் போட்டவன் நான்.

நம் பக்கத்தில் ரோடு போடும்போதெல்லாம் தெரு ஏறும், வீடு இறங்கும். ஆகவே எந்த மனைக்கும் முதலில் தெரு மட்டத்துக்குத்தான் பென்சிலால் கோடு போடுவேன். அதற்கு மேலேதான் வீடு. சுமதியின் மனைக்கும் போட்டேன். பேஸ்மட்டத்தை நாலடி தூக்க வேண்டும், ஏழு படி வேண்டும் என்று வந்தது.

அதற்குள் எங்கள் ஆபீஸ் இன்ஜினியர், கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று சுமதியிடம் காட்ட ஒரு படம் கேட்டு அவசரப்படுத்தினார். நித்யா, நீ சொல்லிக் கொடுத்தபடியே மனையின் போட்டோவைப் போட்டு ஏஐயிடம் கேட்டேன். நொடியில் வந்தது... எவ்வளவு அழகு! பச்சைப் புல், வாசலில் இரண்டே படி. ஆனால் தெருவை அது தானாகவே கீழே இறக்கியிருந்தது!

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும்...

"ஐயே, சினிமா ஊடு மாதிரி கீதுண்ணா!" என்று சிரித்தார் சுமதி. "ரெண்டு படி போதும். அப்டியே கட்டிக் குடுத்துடுங்க."

"இன்னா பரமு, பென்சில பரண்ல போட்ரலாமா?" என்று இன்ஜினியர் என் முதுகில் தட்டினார். "இத்தினி நாளா இந்த வித்தய எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

தெரு மேடும்மா, தண்ணீர் உள்ளே வந்துவிடும்... வாய்வரை வந்தது. விழுங்கினேன்! ஏன்? வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை, அதைவிடக் கேவலம். நான் வரைந்த எதையும் பார்த்து அதுவரை ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அது நான் வரைந்த படம்கூட இல்லையே!

நாலடியை ரப்பரால் அழித்தேன். படத்துக்கு ஏற்றபடி பிளானை மாற்றினேன். வீடும் அப்படியே எழும்பியது.

இந்த மழையில் தெருத்தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் இறங்கியது. கட்டில், தையல் மெஷின், புது பீரோ... எல்லாம் போயிற்று. சுமதி போனில் அழுதார். "எங்க ராசிண்ணா, நீங்க இன்னா பண்ணுவீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்! அப்போதும் பிளானை மாற்றியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அவர்கள் வேப்பம்பட்டில், அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு, மீன் வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேனே... மாங்காட்டுக்குத்தான் போனேன். வீடு பூட்டியிருந்தது. வாசல் தூணில் தண்ணீர் நின்ற தடம், பழுப்பாக, பட்டையாக. சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. கைக்குட்டையை நனைத்து அந்தத் தடத்தை அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. துடைத்த இடம்தான் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.