உலகநாதன் சாருக்கு ஒரு டம்ளர் வினிகர்

ஆக்னஸ் ஒரு தனியார் பள்ளியின் வேதியியல் லேபில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவள். பிப்பெட் கழுவி, அமிலம் கலந்து, எத்தனையோ ஆசிரியர்களைப் பார்த்துவிட்டாள். அவர்களில் பாதிப் பேரை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. பள்ளியை இழுத்து மூடியதும் பூந்தமல்லியில் உலகநாதன் நடத்திய டியூஷன் சென்டரில் சேர்ந்தாள். ஜெராக்ஸ் எடுப்பதும் அட்டெண்டன்ஸ் போடுவதும்தான் வேலை.

உலகநாதன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வாத்தியாரானவர். வாசலில் ஆளுயர பேனரில் கைகட்டிச் சிரித்தார். படத்தில் இருந்த களை பாடத்தில் இல்லை.

அன்று பதினோராம் வகுப்புக்கு எளிய விகித வாய்ப்பாடு, அதாவது ஒரு பொருளில் எந்த அணு எத்தனை பங்கு என்று கண்டுபிடிக்கும் பாடம். கார்பன் நாற்பது சதவீதம், ஹைட்ரஜன் 6.67, ஆக்சிஜன் 53.33. ஒவ்வொன்றையும் அணு நிறையால் வகுத்தார். வந்தவற்றை அவற்றிலேயே மிகச் சின்ன எண்ணால் மறுபடி வகுத்தார். ஒன்று, இரண்டு, ஒன்று. CH₂O. அதுவரைக்கும் சரி.

"இதைப் பாத்தவுடனே குளுக்கோஸ்னு எழுதிட்டுப் போய்ட்டே இருக்கணும். யோசிச்சா டைம் வேஸ்ட்."

முன் பெஞ்ச் ரோஷினி எழுந்தாள். "சார், குளுக்கோஸ் C₆H₁₂O₆ தானே? அந்த ஆறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கேள்வி கேக்குறவ மார்க் வாங்க மாட்டா. உக்காரு."

வகுப்பு சிரித்தது. ரோஷினி தலை குனிந்துகொண்டாள். அட்டெண்டன்ஸ் நோட்டோடு வகுப்பின் பின்னால் நின்ற ஆக்னஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாது என்று சொல்லத் துப்பில்லாதவன், பெண்ணை உட்காரவைக்கிறான். விறுவிறுவென்று கீழே இறங்கி, ஃப்ரைட் ரைஸ் கடையில் ஒரு டம்ளர் வினிகர் வாங்கிவந்து அவர் மேஜையில் வைத்தாள்.

"என்ன இது?"

"குளுக்கோஸ் சார். குடிங்க."

டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். "இது வினிகர்!"

"அட, கண்டுபுட்ச்சிட்டீங்களே! இதுல கீற அசிட்டிக் அமிலத்தை வகுத்துப் பாருங்க, அதே ஒண்ணு, ரெண்டு, ஒண்ணுதான் வரும். தவளையைப் போட்டு வெக்கிற ஃபார்மலின்ல கீற ஃபார்மால்டிஹைடும் அப்படித்தான். அதுக்கும் குளுக்கோஸ்னு பேர் வெச்சிடலாமா?"

பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "விகிதம் எதுக்கு எது எத்தினி பங்குன்னுதான் சொல்லும். மொத்தம் எத்தினி அணுன்னு தெரியணும்னா மூலக்கூறு நிறை வேணும். CH₂O-க்கு நிறை முப்பது. உங்க பொருளோட நிறை நூத்தியெம்பதுன்னா, முப்பதால வகுத்தா ஆறு. அந்த ஆறு அங்கேர்ந்துதான் வருது கண்ணு. அப்பவும் பேரை அடிச்சு உடாதீங்க. ஃப்ரக்டோஸுக்கும் அதே C₆H₁₂O₆தான்."

உலகநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அட்டெண்டன்ஸ் போடுறவங்களுக்கு எதுக்குங்க கெமிஸ்ட்ரி?"

"வாத்தியாருக்கே வேணாம்னா வேற யாருக்காவது வேணுமே சார்."

அன்று மாலையே வேலை போயிற்று. ஆக்னஸ் பஸ் ஏறி அண்ணனூர் வீட்டுக்குப் போனாள், ஒரு சொட்டு வருத்தமில்லாமல்.

மூன்றாம் நாள் உலகநாதனே போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. "பசங்க உங்களைக் கேக்குறாங்க. பழைய வேலையே தர்றேன். கிளாஸ்ல மட்டும் பேசாம இருந்தா போதும்."

"வாணாம் சார்" என்றாள் ஆக்னஸ். "உங்க கிளாஸ்ல உக்காந்தா எனக்குத் தெரிஞ்சதும் மறந்துடும்."