இரண்டு முள் பட்ட வஞ்சிரம்

காயம்பட்ட மான் யாருக்கு என்பதற்கு விதி இருக்கிறது. முதலில் காயப்படுத்தியவனுக்கே மான், துரத்துவதை அவன் கைவிடாதவரை. கைவிட்டு உட்கார்ந்துவிட்டால், பிறகு வீழ்த்துகிறவனுக்கு. கைவிடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தால், வீழ்த்தியவனுக்குத் தலை மட்டும். சிறு வயதில் நான் குமாஸ்தாவாக இருந்த தேயிலைத் தோட்டத்தில் பழைய ஆட்கள் இதைச் சொல்வார்கள். வேட்டைக்குத் தடை வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மானை விட்டுவிட்டார்கள், விதியை மட்டும் விடவில்லை. நான் பின்னால் பார்த்த அலுவலகங்களில் பாதி அப்படித்தான் நடந்தன என்பதால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

நான் இப்போது இருக்கும் வளைகுடாத் துறைமுக ஊரான புஜைராவில் மானைத் தொட்டால் ஜெயில். மீன் பிடிக்கலாம், உரிமம் இருந்தால். கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்கு ஆவணங்களைப் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது மகளின் விசாவில், மகளின் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அலைத்தடுப்புக் கற்களின் மேல் என்னோடு தூண்டில் போட இருவர் வருவார்கள். ஒருவர் எண்ணெய்த் தொட்டிகளைப் பராமரிக்கும் கம்பெனியில் ஃபோர்மேன், புதுக்கோட்டைப் பக்கம். இன்னொருவர் குடும்பத்தோடு இருக்கும் சென்னைக்காரர், கணக்காளர். மூவருக்கும் உரிமம் எடுத்தது நான்தான். இன்றுவரை ஒரு அதிகாரியும் வந்து அதைக் காட்டச் சொன்னதில்லை. அது எனக்குக் குறைதான்.

அந்த ஞாயிறு ஃபோர்மேனின் மனைவி முதன்முறையாக விசிட் விசாவில் வந்து இறங்குவதாக இருந்தது. அவருக்காக எங்கள் கட்டிடத்திலேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அன்று காலை ஃபோர்மேனுக்கு ஒரு மீன் வேண்டும், அதுவும் பெரியதாக, முழுதாக. காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன், தான் பிடித்ததாகச் சொல்லி ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தை ஊருக்கு அனுப்பியிருந்தார். பின்னால் மீன் மார்க்கெட்டின் வெள்ளை டைல்ஸ் பளிச்சென்று தெரிந்தது.

"அன்னைக்கிலேருந்து எதையும் நம்ப மாட்டேங்குறா சார்" என்றார் தூண்டிலை வீசிக்கொண்டே. "ஃபோர்மேன் ஆயிட்டேன்னு சொன்னா, பின்னாடி டைல்ஸ் தெரியுதான்னு கேக்குறா. ஊர்ல அவ அண்ணனும் அதையே சொல்லிச் சிரிக்கிறான்."

"அப்ப இன்னிக்கு மீன் மாட்டலைன்னா?" என்றார் கணக்காளர்.

"டைல்ஸ்காரனாவே சாவ வேண்டியதுதான்."

மாட்டியது. ஃபோர்மேனின் தூண்டில் ராடு வில்லாக வளைந்தது. வஞ்சிரம், நல்ல பெரியது, ஒருமுறை நீருக்கு மேல் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. ஃபோர்மேன் விட்டுப்பிடித்தார், இழுத்தார், மறுபடி விட்டார். மீன் களைத்துக் கரைப்பக்கம் வரும் நேரத்தில் தூண்டில் நரம்பு ஒரு கல்லில் உரசி அறுந்தது. அவர் கத்திய கத்தலில் கடற்காகங்கள் எழுந்து பறந்தன.

மீன் கற்களை ஒட்டியே வடக்காகப் போனது. அங்கே கணக்காளர் நின்றிருந்தார். அவர் வீசிய தூண்டில் முள் அதன் வயிற்றில் போய்க் குத்தியது, அவர் சாவகாசமாக இழுத்துக் கரையில் போட்டார். வாயில் ஃபோர்மேனின் சிவப்பு இறகு கட்டிய முள், அறுந்த நரம்போடு அப்படியே இருந்தது.

"என் மீனு சார் அது!"

"உங்க மீனா? உங்க மீன் கடலுக்குள்ள போயாச்சு தலைவரே. இது நான் புடிச்சது."

"வாயைப் பாருங்க, வாயை! என் முள்ளு இருக்கு."

"வயித்தைப் பாருங்க. அதுவும் முள்ளுதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு காலைக்காகத்தான் நான் இத்தனை வருஷம் விதிகளைப் படித்தேனோ என்று தோன்றியது. மான் விதியை எடுத்துச் சொன்னேன். கேள்வி ஒன்றே ஒன்று: நரம்பு அறுந்ததும் ஃபோர்மேன் கைவிட்டாரா, இல்லையா?

"கைவிட்டாரு சார்" என்றார் கணக்காளர் உடனே. "கலாஸ், எல்லாம் போச்சுன்னு அவர் கத்தினது என் காதுல விழுந்தது."

"கத்துனேன்தான்" என்று ஃபோர்மேன் தலை குனிந்தார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அந்த டைல்ஸ் படத்தோடு அது தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

"கத்தி முடிக்கும்போது எங்கே இருந்தார்?" என்று கணக்காளரைக் கேட்டேன்.

"எனக்குப் பின்னாடி."

"அவர் தூண்டில் போட்ட இடம்?"

கணக்காளர் திரும்பிப் பார்த்தார். ராடு தெற்கே தூரத்தில் கிடந்தது. ஒரு செருப்பு அதற்குப் பக்கத்தில், இன்னொன்று பாதி வழியில். நடுவில் சிப்பி ஒட்டிய கற்கள். ஃபோர்மேனின் இரண்டு பாதங்களிலும் ரத்தம்.

வாய் கைவிட்டிருக்கலாம், கால்கள் கைவிடவில்லை. தீர்ப்பு: மீன் ஃபோர்மேனுக்கு, தலை கணக்காளருக்கு.

இப்போது ஃபோர்மேன் அழாத குறை. "தலையை வெட்டிட்டா எப்படி சார்? தலையில்லாம கொண்டுபோனா கடையில வெட்டி வாங்குனதும்பா."

"அதுக்கு நான் என்ன பண்ண? சார் சொன்ன ரூல்" என்றார் கணக்காளர். தனக்குச் சாதகமான பாதியை மட்டும் மதிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தலை அவருடையதுதான், ஆனால் இரவு ஃபோர்மேன் வீட்டுக்கு வந்து குழம்பாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். முள் இரண்டையும் அதுவரை யாரும் கழற்றக் கூடாது, அவை சாட்சி. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். என் தீர்ப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மேல்முறையீட்டுக்கு ஒரு வழி வேண்டாமா? அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் மீன்பிடிப்போர் சங்கத்தின் செயலாளருக்கு விவரங்களை எழுதி, எது விதி என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மாலையில் அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். பயணக் களைப்பு முகத்தில் இருந்தது. ஆனால் தட்டில் கிடந்த மீனைப் பார்த்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் குனிந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். வாயைப் பிளந்து பார்த்தார். புரட்டிப் போட்டார். சுங்கத்துறையில்கூட அப்படி ஒரு சோதனையை நான் கண்டதில்லை.

"ஏங்க, வாயில ஒரு முள்ளு, வயித்துல ஒரு முள்ளு. ஒரு மீனுக்கு எதுக்கு ரெண்டு?"

நான் கணக்காளரைப் பார்த்தேன். காலையில் அத்தனை வாதாடிய மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் புடிச்சதும்மா. அந்த வயித்து முள்ளு சும்மா, தெரியாம பட்டது."

"இல்ல" என்றார் ஃபோர்மேன். "நான்தான் மாட்டுனேன். ஆனா நரம்பு அறுந்துபோச்சு. கரையில இழுத்துப் போட்டது கணக்கு சார்தான். தலை அவருக்கு."

அந்த அம்மாள் கணவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவருடைய கால்களை. பாதங்களில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தார்.

"சரி, நம்புறேன்" என்றார். "பொய்யா இருந்தா முழுசா நானே புடிச்சேன்னு சொல்லியிருப்பீங்க. அறுந்துபோச்சுன்னு எவன் பொய் சொல்லுவான்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஃபோர்மேன் ஆனதும் நெசந்தானா?" என்றார்.

"நெசந்தான்டி!"

"எங்க அண்ணனுக்குப் போன் போடுங்க. நானே சொல்றேன்."

குழம்பில் தலை கணக்காளரின் தட்டுக்குப் போனது. அந்த அம்மாளே எடுத்து வைத்தார். கணக்காளர் கன்னத்துச் சதையைப் பிய்த்து ஃபோர்மேனின் தட்டில் வைத்தார். விதியில் இல்லாத காரியம்தான். நான் ஆட்சேபிக்கவில்லை.

சங்கத்திலிருந்து பதில் வராமல் இல்லை. விஷயம் குழுவின் பரிசீலனையில் இருப்பதாகவும், முடிவாகும்வரை மீனை வெட்டாமல், இரு முட்களையும் அகற்றாமல், உறைநிலையில் பாதுகாத்து வைக்கும்படியும் செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அது வந்தது இரண்டு மாதம் கழித்து, பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, விசிட் விசா முடிந்து அந்த அம்மாள் ஊருக்கு விமானம் ஏறிய அன்று.