சல்லடையில் தங்கிய பந்து

விடுதி அறையின் வாஷ்பேசினில் கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு வெள்ளை பேன்ட்டுகளைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தார். ஒன்று அவருடையது. மற்றது, அவருடைய தங்கை கணவரும் கிரிக்கெட் கிளப் கேப்டனுமானவருடையது. கிளப்பின் வெளிநாட்டுப் பயணத்தில் நாளைக்குக் கடைசி ஆட்டம். அதில் தான் எந்தப் பக்கம் என்பதுதான் கடைக்காரருக்கு விளங்கவில்லை.

சொந்த ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர். ஆனால் அவர் கையில் பந்து தங்கியதே இல்லை. கிளப்பில் அவருக்குப் பெயரே சல்லடை. கிரிக்கெட்டா, அது என்ன என்று கேட்கிற இந்த நாட்டில், உள்ளூர் அணிக்கு இன்று ஓர் ஆள் குறைந்தது. கேப்டன் தாராளமாக மச்சானைக் கொடுத்துவிட்டார். கடைசியில், கொடுத்தவர் தூக்கி அடித்த பந்தே நேராக வந்து சல்லடையின் கையில் உட்கார்ந்துகொண்டது. உள்ளூர்க்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். சொந்த கிளப் தோற்றது. சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா?

"கையை எடுத்திருக்கலாம்ல மச்சான்," என்றார் கேப்டன், கட்டிலில் சாய்ந்தபடி.

"எடுக்கத்தான் பார்த்தேன் மாப்ளே. பந்து விடல."

"இத்தனை வருஷத்துல நமக்காக ஒண்ணாவது பிடிச்சிருக்கீங்களா?"

"இத்தனை வருஷத்துல நீங்க என் கைக்கு அடிச்சதே இல்லையே."

கேப்டன் சிரிக்கவில்லை. "நாளைக்கும் நீங்க வேணுமாம். அவங்க கேட்டுட்டுப் போனாங்க."

கடைக்காரர் ஈரக் கையோடு திரும்பினார். "நீங்க என்ன சொன்னீங்க? நான் நம்ம ஆளுதானே?"

கேப்டன் எழுந்து, சொட்டிக்கொண்டிருந்த தன் பேன்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.