யார் கையும் படாத பெட்டி

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். வெள்ளைக் காகிதம், அதில் கடை முத்திரை, நான் கம்ப்யூட்டர் வாங்கிய தேதி, கிழித்தால் வாரண்டி கிடையாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெட்டியின் பின்பக்கம், கதவும் உடம்பும் சேரும் இடத்தில் பாதி இங்கே பாதி அங்கே என்று ஒட்டியிருந்தார்கள். அந்தத் துண்டுக் காகிதத்தால் நானும் என் கணவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

நான் எம்ப்ராய்டரிக்கு டிசைன் போடுகிறவள். ரவிக்கைக் கழுத்துக்கும் கைக்கும் பூ, கொடி, மயில் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து, தையல் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க வேண்டும். மாட்டுங்காவில் ஒரு அக்கா வேலை தருகிறார். கணவர் தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு பட்டறையில் தோல் பை தைக்கிறார். வீடு ஒற்றை அறை. சமையல், படுக்கை, என் ஆபீஸ் எல்லாம் அதற்குள்தான். பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் முகம் தெரியும்.

கடைக்காரர் கொடுத்த பெட்டிக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறி எரியும். கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது, தள்ளுபடியில் என் தலையில் விழுந்தது. மத்தியானம் பள்ளி விட்டு வந்து படுக்கும் மகள், கல்யாண மண்டபத்தில் படுத்த மாதிரி புரண்டுகொண்டே இருப்பாள்.

"மச்சான், இத எதையாவது போட்டு மூடித் தாங்களேன்" என்றேன். நான் மனதில் வைத்திருந்தது ஒரு பழைய துப்பட்டா. தோல் வேலைக்காரரிடம் அப்படிப் பொதுவாகச் சொன்னது என் தப்பு.

பட்டறை விடுமுறை நாளில் பெட்டியைத் தரையில் கிடத்தினார். கதவுகளைக் கழற்றி, மிச்சம் விழுந்த பழுப்புத் தோலை அளவெடுத்து வெட்டி, ஓரத்தைச் சீவி மெலிதாக்கி ஒட்டினார். காற்று போகிற துளைகளுக்கு நேராகத் தோலிலும் வரிசையாகத் துளை அடித்தார். முடிந்தபோது பெரிய கடை ஷோகேஸில் வைக்க வேண்டிய சாமான் போல இருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் தோலின் மேல் இருந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"இத எப்படி எடுத்தீங்க?"

"லேசா சூடு காட்டி, கத்தி நுனிய உள்ள விட்டேன். லேபிள் கிழிஞ்சா சரக்கு திரும்பி வந்துரும்லா? அதான் பத்திரமா எடுத்து மேல ஒட்டிட்டேன்."

அவர் தொழிலில் லேபிள் என்பது கடைசியில் மேலே வர வேண்டியது. கிழியாமல், கோணாமல் இருந்தால் சரக்கு பாஸ். இங்கே அது கதவைத் திறக்காமல் இருப்பதற்கான காவல் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மட்டும் என்ன தோன்றியது? சிரித்தேன். பக்கத்து வீடுகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் பொத்தானை அமுக்கினால் பெட்டிக்கு உயிரே இல்லை. பெருநாளுக்கு முன்பு, வேலை குவிந்திருந்த நேரம். செம்பூரில் இருக்கும் கடைக்குப் போன் செய்தேன். சீல் அப்படியே இருந்தால் கொண்டு வாருங்கள், மதர்போர்டே போயிருந்தாலும் மாற்றித் தருவோம், சீல் போயிருந்தால் எங்களால் ஒன்றும் முடியாது என்றார்கள். புது போர்டு வாங்க அப்போது வழியில்லை. வாரண்டி இல்லையென்றால் என் வேலை வேறு யார் கைக்கோ போய்விடும்.

"தோல உரிங்க. ஸ்டிக்கர் பழைய இடத்துலயே இருக்கணும். யாரு பாத்தாலும் தெரியப்பிடாது" என்றேன்.

ஒரு நாள் லீவு போட்டுச் செய்தார். பசையைத் துடைத்து, ஸ்டிக்கரைப் பழையபடி பாதி இங்கே பாதி அங்கே என்று வைத்து விரலால் நீவினார். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. இது ஏமாற்று இல்லையா என்று மனசு கேட்டது. உள்ளே ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் தொடவில்லையே என்று பதில் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த போர்டு தானாகச் செத்ததா, எங்கள் தோலுக்குள் மூச்சு முட்டிச் செத்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்ஸி முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கடையில் பெட்டிகளைச் சோதிக்க ஒரு பெண் இருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் வருடினார். பிறகு இந்தியில், "கம்பெனி ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. யார் கையும் படல" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். எனக்கு மூச்சு வந்தது.

"மேடம், யே மைனே லகாயா ஹை" என்றார் என் கணவர். நான்தான் ஒட்டினேன் என்று.

அந்தப் பெண் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து. இவர் விடவில்லை. எங்கே சூடு காட்டினார், எந்தப் பக்கம் கத்தியை விட்டார் என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. வாரண்டி பில்லில் குறுக்கே ஒரு கோடு போட்டு எங்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

நடைபாதையிலேயே பிடித்துக்கொண்டேன். "பைத்தியமா உங்களுக்கு? வாய மூடிட்டு நிக்கத் தெரியாதா?"

"யார் கையும் படலன்னுட்டா புள்ள."

"அப்படிச் சொல்லணும்னுதான வந்தோம்!"

அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அன்று மூடிய வாயை நான் ஒரு வாரம் திறக்கவில்லை.

மாட்டுங்கா அக்கா நல்லவர். வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல், என் கம்ப்யூட்டர் சரியாகும்வரை தன் கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னார். ஒரு நாள் அவருடைய புதுக் கைப்பை, பெரிய கம்பெனி லேபிளோடு, நாற்காலியில் கிடந்தது. மூலையில் கண் போயிற்று. தையல் முடிகிற இடத்தில் என் கணவர் கூடுதலாக ஒரு தையல் போடுவார். முதலாளி திட்டியும் விடாத பழக்கம். அது அங்கே இருந்தது.

"பை நன்னாருக்கு இல்ல? அந்தக் கம்பெனி சாமானே தனி" என்றார் அக்கா.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. "இது எங்க மச்சான் தைச்சது" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அக்கா "அப்படியா" என்று புன்னகை செய்துவிட்டு லேபிளைப் பார்த்தார். நம்பவில்லை. இருபது வருஷமாக மச்சானுக்கு இப்படித்தானே இருந்திருக்கும்?

அன்று வீட்டுக்குப் போனதும் நானாகவே பேசினேன்.

போர்டு வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு மறுபடி தோல் போடச் சொன்னேன், இந்த முறை கண்ணாடிப் பக்கம் மட்டும். "கீழ் ஓரத்துல உங்க பேர அடிங்க" என்றேன். "விளம்பரமா?" என்று கேலி செய்தார். ஆனாலும் பட்டறையிலிருந்து அச்சுகளைக் கொண்டுவந்து, சூடாக்கி, எழுத்து எழுத்தாக அழுத்தினார்.

மகள் குனிந்து எழுத்துக் கூட்டினாள்.

"உம்மா, இது வாப்பா பேரு. கம்பெனி பேரு எங்க?"

"அதான் கம்பெனி" என்றேன்.