அம்மணி அளந்து ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை

பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள் அம்மணி. அவளுடைய அப்பா அரிசிப் பானையிலும் தலையணை உறைக்குள்ளும் பாட்டிலை ஒளித்துவைத்துக் குடித்தே செத்தவர். அதனால் தண்ணீர் லாரி ஓட்டும் சவுரிமுத்துவைக் கட்டிக்கொள்ளும் முன் அவனிடமே நேராகக் கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி ஒரு கட்டிங். அதுக்கு மேல கெடையாது” என்றான். ஒரு குவார்ட்டரில் பாதி அவனுக்கு, பாதி நண்பன் தசரதனுக்கு. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பேச்சு மாறவில்லை.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாக்கு குழறியது.

“எவ்ளோ குடிச்ச?”

“கட்டிங்தான்.”

“எங்கப்பனும் இதையேதான் சொல்லுவான்.”

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். அம்மணி லாரி சீட்டுக்கு அடியில் தேடினாள். அவனுடைய தண்ணீர் கேனை முகர்ந்து பார்த்தாள். அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, “வயிறு உப்பிகினு கீது” என்று எழுந்தால், வெளியே எங்கோ ஊற்றிக்கொண்டு வந்ததால்தான் பசியில்லை என்று முடிவுகட்டினாள்.

ஒருநாள் கீழ்க்கட்டளையில் தசரதன் வைத்திருக்கும் மெக்கானிக் கடைக்கே போய்விட்டாள். “அண்ணா, அவருக்கு எதையாவது கலந்து குடுக்குறியா?”

தசரதனுக்கு முகம் கறுத்துவிட்டது. “நான் இன்னாத்த கலக்கப்போறேன்? ஒரே பாட்டிலு, எனக்கு ஒண்ணும் ஆவல. எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே எங்கியோ ஊத்திகினு வர்றான்னுதான் நானும் நெனச்சிகினு கீறேன்.”

அதோடு அவன் சவுரிமுத்துவைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். அம்மணிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றிருந்தது. பட்டறையில் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் சொல்லி ஒரு குவார்ட்டர் வாங்கிவரச் செய்தாள். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து புருஷனை விட்டு நகரவில்லை. ஞாயிறு காலை சேர்ந்தே பூசைக்குப் போய், சேர்ந்தே திரும்பினார்கள். கதவைத் தாழிட்டாள். இருமல் மருந்து மூடியில் பதினைந்து மில்லியாக ஆறு முறை அளந்து, சரியாக ஒரு கட்டிங்கை டம்ளரில் ஊற்றினாள்.

“இன்னாடி, டெஸ்ட்டா?”

“ஆமா. குடி.”

குடித்தான். அரை மணி நேரத்தில் கண் சிவந்தது. அவள் பேரைச் சொல்லவே நாக்கு தடுமாறியது. பிறகு தரையில் சாய்ந்துவிட்டான். பொய்யனைப் பிடிக்கக் காத்திருந்த அம்மணிக்கு, அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தபோதுதான் நிஜமாகவே பயம் வந்தது. இந்த உடம்புக்குள் வேறு என்னவோ இருக்கிறது.

மறுநாளே தாம்பரத்தில் வயிற்று டாக்டர் சுப்ரஜாவிடம் கூட்டிப்போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. அங்கிருந்து கிள்ளி எடுத்த சதையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது.

“அந்தக் கிருமியால போதை ஜாஸ்தி ஏறுமா டாக்டர்?”

“குடிக்கிற ஆல்கஹால்ல கொஞ்சத்த இரைப்பையோட உள்தோலே உடைச்சிடும். பெரும்பாலான வேலை லிவரோடதுதான். இந்தக் கிருமி உள்தோலைக் கெடுத்தா, வயித்துல உடையுறது குறையலாம். அப்ப அதே அளவு குடிச்சாலும் ரத்தத்துல கொஞ்சம் கூடவே சேரும். ஆனா எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரி சொல்லல. இவர் சரியா சாப்பிடவும் இல்ல, எடையும் குறைஞ்சிருக்கு. அதுவும் சேர்ந்திருக்கும். கிருமி மட்டும்தான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா.”

“அப்ப அவரு பொய் சொல்லலதானே?”

“அளந்து ஊத்துனது நீங்கதானே?” என்றார் டாக்டர்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். பம்மலில் இறங்கியதும் சவுரிமுத்து சொன்னான்: “கிருமி வந்து சாட்சி சொன்னாத்தான் என்னிய நம்புவியா?”

அம்மணி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைப் பக்கம் நடந்தாள்.

இரண்டு வாரம் மாத்திரை. வாயெல்லாம் கசந்து கிடந்தான். ஒன்றரை மாதம் கழித்துச் செய்த சோதனையில் கிருமி போய்விட்டிருந்தது. அம்மணி தனியாகவே கீழ்க்கட்டளைக்குப் போய்த் தசரதனிடம் மன்னிப்புக் கேட்டாள். “நானும்தானேம்மா அவனத் தப்பா நெனச்சேன்” என்று அவன் தலையைச் சொறிந்தான். அந்த ஞாயிறே மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

நண்பனோடு உடனே சிரித்துப் பேசிய சவுரிமுத்து, பொண்டாட்டியோடு சரியாகப் பேசக் கிறிஸ்மஸ் ஆயிற்று. இப்போது அவன் கட்டிங்கும் தொடுவதில்லை. டாக்டர் வேண்டாம் என்றதாலா, அவள்மேல் உள்ள கோபத்தாலா என்று அம்மணிக்கு இன்றுவரை தெரியாது. அவளும் கேட்கவில்லை.