மூன்று விநாடிச் சிரிப்பு

நடந்தவை, வரிசைப்படி:

1. ஹொலிவூட்டில் அவர் இயக்கிய முதல் நகைச்சுவைப் படம் நன்றாக ஓடியது.
2. இரண்டாவது அதைவிட ஓடியது.
3. மூன்றாவதை ஒரே கிழமையில் தியேட்டர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.
4. நான்காவதைக் குறைந்த செலவில் முடிக்கச் சொல்லி அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். இதுவும் விழுந்தால் இனிப் படம் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
5. அந்தப் படத்தின் எடிட்டிங் அறையில் நான் உதவியாளராகச் சேர்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. இலத்திரனியல் படித்துவிட்டு லண்டன் டூட்டிங்கில் அக்கா வீட்டில் இருந்தேன். பிலிம் துண்டுகளுக்கு எண் போட்டுக் கொப்பியில் பதிவது என் வேலை.

ஒவ்வொரு பகிடிக்குப் பிறகும் படத்தில் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் கேட்காது. எவ்வளவு விடுவது என்பது எடிட்டருக்குக் கைப்பழக்கம். இயக்குநர் அவரை நம்பவில்லை. நான் ஒருநாளும் சிரிக்காததையும் கவனித்திருந்தார்.

“எழும்பு, பெண்ணே. இந்தப் பகிடிக்குச் சிரி.”

“எப்படி?”

“கேட்டீர்களா? எப்படியாம்! இவளுக்குச் சிரிக்கவும் கைநூல் வேண்டும்.”

எடிட்டரும் சேர்ந்துதான் சிரித்தார். நான் எழுந்து நின்று ஹா, ஹா என்றேன். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூன்று விநாடி. இவளே இவ்வளவு சிரித்தால் சனம் உருண்டு சிரிக்கும். மூன்று விடு.”

ஆறு கிழமையாக ஒவ்வொரு பகிடிக்கும் எழுந்து நின்று சிரித்தேன். மறுத்தால் வேலை போகும். காட்சி எண், இடைவெளியின் நீளம், சொன்னவர் யார், எடிட்டர் வேண்டாம் என்றாரா, எல்லாவற்றையும் அதே கொப்பியில் எழுதினேன். மாலையில் இயக்குநர் அதை வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

“அவனுக்கு முன்னாலை ஏன்டி நிண்டு பல்லைக் காட்டுறாய்? விட்டிட்டு வா” என்றாள் அக்கா.

“இப்ப ஏலாது அக்கா. எழுதிக்கொண்டிருக்கிறன்.”

“என்னத்தை?”

“எல்லாத்தையும்.”

முடித்த படத்தை வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டினோம். அமெரிக்காவிலிருந்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் வந்து முன்னால் இருந்தார். முதல் பகிடிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. திரையில் நடிகர் வாயை மூடிக்கொண்டு மூன்று விநாடி எங்களையே பார்த்தார். அடுத்த பகிடி. மறுபடி மூன்று விநாடி. நாலாவது தடவை பின்வரிசையில் ஒருவன், “ஆள் செத்துப் போனானா?” என்றான். அன்றைய முதல் சிரிப்பு அதற்குத்தான் வந்தது. பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் ஏதோ ஒரு குரல் கேட்டது. தியேட்டர் அதற்குச் சிரித்தது. இயக்குநர் கதிரைக் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார்.

வெளியே ஸ்டூடியோக்காரர் கேட்டார்: “இந்த ஓட்டைகள் யாருடைய வேலை?”

இயக்குநர் என்னைக் காட்டினார். “இவள் சிரித்த நீளம்தான். இவளுக்குச் சிரிக்கத் தெரியாது.”

நான் கொப்பியை ஸ்டூடியோக்காரரிடம் நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். இயக்குநர் என் பக்கம் குனிந்தார்.

“கொப்பியில் எழுதியது சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லு. தயவுசெய்து. எனக்கு வேறு தொழில் தெரியாது.”

அவர் கெஞ்சியது எனக்குப் பிடித்திருந்தது.

“ஒவ்வொரு பக்கத்திலும் இவருடைய கையெழுத்து இருக்கிறது” என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னேன்.

மறுநாள் இயக்குநரை நீக்கிவிட்டார்கள். எடிட்டரும் நானும் இடைவெளிகளை வெட்டி எறிந்தோம். படம் அப்படியும் ஓடவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு யாரும் படம் கொடுக்கவில்லை. நான் இப்போது நகைச்சுவைப் படங்களுக்கு எடிட்டராக இருக்கிறேன்.